எம்.ஐ.எம். றிஸ்வானும் எம்.எம்.ஐ. றிஸ்வானும்

மச்சான்,

உன் ஒழுக்காற்றுப் பதிவேட்டை நம் பாடசாலை அதிபர் இன்று காலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். திறந்ததும் கராம்பு வாசம். சூத்தைப் பல்லுக்கென்று எந்நேரமும் ஒரு கராம்பைக் கடித்தபடியே எழுதுவாய். நீ மௌத்தாகி அடக்கமாகிப் பத்து மாதமாகியும் அந்த வாசம் தாள்களை விட்டுப் போகவில்லை. இனி நான்தானாம் ஒழுக்காற்று ஆசிரியர். ஓய்வறையில் சிரிப்பு அடங்கவில்லை. என்னைக் கண்டு பிள்ளைகள் பயந்து ஓடுவதில்லை. என் வயிற்றுக்கு வழிதான் விடுவார்கள்.

நீ வந்தால் வராந்தாவே வாய் மூடும். சண்டை பிடித்த இருவரையும் ஒரே வாங்கில் இருத்தி, ஒரே போத்தல் தண்ணீரை மாறி மாறிக் குடிக்க வைப்பாய். "முதல்ல குடிங்க, பிறகு கதைப்பம்." பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும். அறிக்கை எழுதுவது மட்டும் என் வேலை. என் கையெழுத்து முத்து மாதிரி என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவனும் நான்தான்.

சில வருடத்துக்கு முன் ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில் ஒருவனின் மூக்கை உடைத்தவன் எம்.ஐ.எம். றிஸ்வான். அதே தரம் பதினொன்றில் எம்.எம்.ஐ. றிஸ்வானும் இருந்தான், வாய் திறக்காத நிந்தவூர்ப் பிள்ளை. நம்மூர்ப் பிள்ளைகளைப் பிரித்துக் காட்டுவது பேரா, முன்னால் நிற்கும் எழுத்துகள்தானே? பக்கத்து மேசையில் யாரோ ஒருவரின் கலியாணக் குழப்பம் ஓடிக்கொண்டிருந்தது. காதை அங்கே கொடுத்துவிட்டுக் கையால் எழுதினேன். எழுத்து இடம் மாறியது. நீ என்னை நம்பி வாசிக்காமலே ஒப்பமிட்டுவிட்டு ஒரு வாரப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டாய். இரண்டு வார வகுப்புத் தடைக் கடிதம் நிந்தவூருக்குப் போனது.

அந்தப் பிள்ளை என்னிடம் வந்து சொன்னான்: "சேர், அது நானில்ல."

"எல்லாரும் இதத்தான் சொல்ற மகன்" என்றேன். பகிடி விட்ட நினைப்பு எனக்கு.

நீ திரும்பி வந்த அன்று, மூக்குடைத்தவன் வகுப்பில் சொகுசாக இருப்பதைக் கண்ட பிறகுதான் விசயம் வெளியானது. உன் மோட்டார் சைக்கிளில் நிந்தவூருக்குப் போனோம். அந்தப் பிள்ளையின் வாப்பா அவனைப் படிப்பை விட்டு நிறுத்தி, ஒலுவிலில் மீன்பிடிப் படகுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தார்.

"மாஸ்டர்மார் எழுதினா பிழைக்காது எண்டு புள்ளய அடிச்சிட்டன் சேர். இப்ப வந்து இல்லெண்டா?"

"பிழை என்ட" என்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நின்று என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளிருந்து றிஸ்வான் வந்தான். "இனி வரமாட்டன் சேர்." ஓ.எல். சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது.

திரும்பும் வழியில் ஒன்றே ஒன்று சொன்னாய். "கையெழுத்து முத்துத்தான் மச்சான்." பிறகு மௌத்தாகும் வரை அதைப் பற்றி நீ ஒரு சொல் கதைக்கவில்லை.

உன் ஜனாஸாவுக்கு றிஸ்வான் வந்திருந்தான். தாடியும் வெயிலில் கறுத்த முகமுமாக, உன்னைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தான். பக்கத்தில் நான். மையவாடியில் மண் போட்ட பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அவர் பிழை செஞ்சவர்தான் சேர். ஆனா வீடு தேடி வந்து சொன்னாரே."

"ஓம்" என்றேன், மச்சான். ஓம் மட்டும்தான்.

இன்று இடைவேளையில் முதல் சண்டை. இருவரையும் வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். ஒருவன் "நானில்ல சேர்" என்றான். பேனையை வைத்துவிட்டேன். வாப்பாவின் பேர், மூத்தவாப்பாவின் பேர் என்று மணியடிக்கும் வரை ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டேன். 'இவருக்கென்ன பைத்தியமா?' என்பதுபோல் இரண்டு பேரும் ஒற்றுமையாக என்னைப் பார்த்தார்கள்.

றிஸ்வான் படகேறும் ஒலுவிலுக்கான பஸ் நம் பாடசாலை வாசலால்தான் போகிறது. 'அது நான் எழுதியது றிஸ்வான்' என்று உன் பதிவேட்டின் கடைசித் தாளில் எழுதிப் பார்த்தேன். எழுத்து முத்து மாதிரித்தான் விழுகிறது. வாய்க்குத்தான் இன்னும் வரவில்லை.