வலது ஓரம்

ஜனவரி 4

ஹால் சுவரில் பழைய செய்தித்தாள் ஒன்பது தாள் ஒட்டினேன். பெயிண்ட் அடிக்க ஆள் வருகிறார்களா என்று மனைவி காமு கேட்டாள். புது லென்ஸுக்குப் பரீட்சை என்றேன். ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியனிடம் பரீட்சை எழுத வேறு யார் மிச்சம்?

காரணம் பெரிது. காமுவின் மூத்த அக்கா பிரகதீஸ்வரி 20ஆம் தேதி சிட்னிக்கு, மகனோடு இருக்கப் போகிறார். வயது எழுபத்தெட்டு. இனி வருவாரா, தெரியாது. சகோதரிகள் மூவரையும் ஒன்றாகப் படமெடுத்துத் தருகிறேன் என்று நானே வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தரை டைல்ஸ் கோட்டுக்கு நேராகக் கேமராவை நிறுத்தி எடுத்தேன். இடது ஓரம் முத்து முத்தாக. வலது ஓரம் மங்கல். லென்ஸுக்குள் ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது! ஒரே தட்டில் வார்த்த இட்லியிலேயே ஒன்று கோணலாக வருகிறதே.

ஜனவரி 7

லென்ஸ் விற்ற கடைக்காரர் ஜெகபர் அலி மறுபேச்சின்றி வேறு கொடுத்தார். அதுவும் வலது ஓரம் மங்கல். திரும்பப் போய், தயாரிப்புக் கோளாறு பற்றி அரை மணி பாடம் நடத்தினேன். பாவம், டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்.

ஜனவரி 10

மூன்றாவது லென்ஸ். நான்கு மூலையும் கத்தி போலக் கூர்மை. நூற்றுக்கு நூறு.

ஜனவரி 16

காணும் பொங்கல். நீடாமங்கலத்தில், அக்கா வீட்டு வாசலில் எடுத்தேன். அக்கா நடுவில், இன்னொரு சகோதரி இடது ஓரம், காமு வலது ஓரம்.

ஜனவரி 17

கம்ப்யூட்டரில் பெரிதாக்கினேன். அக்காவின் மூக்குத்திக் கல் தெரிகிறது. காமு பனிமூட்டத்தில் நிற்கிறாள். அவள் வெகுநேரம் பார்த்தாள். “நாப்பது வருஷமா உங்களுக்கு நான் இப்படித்தான் தெரியறேனா?”

கடைக்கு ஓடினேன். ஜெகபர் அலி மேசை டிராயரிலிருந்து முதல் லென்ஸை எடுத்தார். கம்பெனிக்குத் திருப்பி அனுப்பவே இல்லையாம்.

“இது நல்ல பீஸு சார். கேமராவத் தலைகீழா வச்சு அதே சுவர எடுங்க. லென்ஸுல கோளாறுன்னா மங்கல் இடது பக்கம் போயிரும்.”

எடுத்தேன். மங்கல் வலது பக்கமே நின்றது.

அப்படியென்றால்? பீரோவை நகர்த்தினேன். சுவரோர டைல்ஸ் வரிசை ஒரு முனையில் முழு அகலம். மறுமுனையில் மூன்று அங்குலம் குறைவு; அந்த முனை மட்டும் கேமராவுக்குக் கிட்டே. கோணல் என் சுவர்.

1998இல் இந்த வீடு கட்டும்போது கொத்தனார் ரெத்தினம் மூலைமட்டத்தோடு வந்தார். எதற்கு, மூன்று நான்கு ஐந்து அடி அளந்தால் செங்கோணம் என்று விளக்கி, நானே கயிறு பிடித்தேன். அவர் பீடி பற்றவைத்தார். நைலான் கயிறு — இழுத்தால் நீளும். முப்பது வருஷம் மீள்தன்மைப் பாடம் நடத்தியவன் நான்.

மூன்றாவது லென்ஸுக்கு என் சுவருக்கு நேர் எதிரான கோணல். ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. விடைக்குறிப்பு தப்பென்றால் தப்பாக எழுதியவன்தானே முதல் மார்க்?

ஜெகபர் அலிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். “வாசல்ல படம் நல்லா வரும் சார், அங்க உங்க சுவரு இல்லைல்ல” என்றார்.

ஜனவரி 19

முதல் லென்ஸோடு மறுபடி நீடாமங்கலம். அக்கா பட்டுப்புடவையைப் பெட்டியில் வைத்துவிட்டார். வீட்டில் கட்டும் நூல் புடவையோடே வந்து நின்றார். காமுவை நடுவில் நிற்கச் சொன்னேன். “இங்கேயே நிக்கறேன். இன்னிக்காவது தெரியறேனான்னு பார்ப்போம்.”

தெரிந்தாள். அக்காவின் முந்தானை நுனியை விரலில் இரண்டு சுற்று சுற்றிப் பிடித்திருக்கிறாள். பழைய படத்தைத் திறந்து பார்த்தேன். அந்த மங்கலிலும் அப்படித்தான் பிடித்திருக்கிறாள்.