மறுக்கா ஒரு கரண்டி

எனக்கு முன்னால் எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கேட்டால் "இப்பத்தான் வந்தேன்" என்று பொய் சொல்லும் என் அன்புச் சரசக்காவுக்கு,

நல்ல சேதியோடுதான் எழுதுகிறேன். மழை பிடித்ததும் காய்ச்சல் ஊரெல்லாம் பரவி, அன்னூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தையே தற்காலிக ஆஸ்பத்திரி ஆக்கிவிட்டார்கள். மணமேடை இருந்த இடத்தில் இப்போது நர்ஸம்மாக்களின் மேஜை. சாப்பாட்டுப் பொறுப்பு நம்முடையது. துடியலூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் அதே சமையற்கூடம், நீங்கள் திட்டித் திட்டித் தேய்க்க வைத்த அதே அண்டாக்கள்.

நீங்கள் இல்லாமல் என்னால் முடியுமா என்று நாலு பேர் கேட்டார்கள். ஏன் முடியாது என்றேன். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. ஆனால் முடிகிறது அக்கா, நன்றாகவே முடிகிறது.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நம் கதை தெரியாது. அவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இடையில் புகுந்து திருத்த உங்களால் முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் தைரியம்.

கொரோனா இரண்டாவது முறை வந்து ஆட்டிப்படைத்த கோடை அது. ஆஸ்பத்திரிகளில் இடமில்லாமல், ஒரு கல்லூரியின் விளையாட்டரங்கத்தில் வரிசையாகக் கட்டில் போட்டார்கள். கல்யாணங்கள் நின்று போனதால் அன்னூரில் உங்கள் சமையல் தொழில் படுத்துவிட்டது. பள்ளி விடுதி மூடியதால் அங்கே சமையல் பார்த்த நானும் சும்மா இருந்தேன். விடுதி விசேஷங்களுக்கு நீங்கள் வந்து சமைத்த பழக்கத்தில் போன் செய்தீர்கள். "ஏனுங்க பிலோமி, ஊட்ல உக்காந்து என்ன பண்றீங்க? கெளம்பி வாங்க." அவ்வளவுதான். நான் கிளம்பிவிட்டேன்.

என்ன சமையல் அது! அரிசியும் பருப்பும் சாதத்தைக் குழைய வேகவைத்து நெய் விட்டு, கூடவே கொள்ளு ரசம் வைத்து அனுப்பினோம். போன பாத்திரம் போன கனத்தோடு திரும்பி வந்தது. உப்புக் குறைவு என்றேன் நான். மிளகு அதிகம் என்றீர்கள் நீங்கள். நோயில் நாக்குச் செத்திருக்கும் என்று இஞ்சியைக் கூட்டினோம், இடியாப்பம் போலச் சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலோடு அனுப்பினோம். அதுவும் திரும்பியது. நாம் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளாத நாளும் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா?

பொறுப்பு டாக்டர் நம்மைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார். "சாப்பாடு உள்ள போகலைன்னா மருந்து மட்டும் என்னம்மா செய்யும்? நாளையில இருந்து பிரெட்டும் பாலும் வாங்கிக்கறோம். ஜன்னல் ஓரம் மாரப்பன்னு ஒருத்தர் இருக்கார். வந்ததிலிருந்து ஒழுங்காவே சாப்பிடல. இப்படியே போனா அவர் உடம்பு தாங்காது."

பிரெட் என்றதும் எனக்கு ரோஷம் வந்தது. மாரப்பன் என்ற பெயரைக் கேட்டதும், நம் பக்கத்து ஆளாயிற்றே என்று உங்களுக்கு வேறு ஏதோ யோசனை வந்தது. மதியம் சாப்பாட்டு வண்டி உள்ளே போனபோது, கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டீர்கள். நானும் வந்து நின்றேன்.

பரிமாறியவன் தென்மாவட்டத்துக் கல்லூரிப் பையன், தன்னார்வலராக வந்தவன், தங்கமான பிள்ளை. ஒவ்வொரு கட்டிலாக நின்று கேட்டான். "ஐயா, சாப்பாடு வேணுமா?" மாரப்பண்ணன் எழுந்து உட்கார்ந்து, கும்பிடாத குறையாகச் சொன்னார். "இருக்கட்டுங்க தம்பி. மத்தவங்களுக்குக் குடுங்க." பையன் தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அடுத்த கட்டிலிலும் "போதுங்க". அதற்கடுத்த அம்மாவும் "இப்ப வேண்டாங்க". வண்டி நகர்ந்த பிறகு மாரப்பண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "அட கெரகமே! நம்மூர்ல மொத வாட்டி கேக்கறப்பவே எவனாச்சும் கைய நீட்டுவானா பிலோமி? அதும் காசில்லாத சோத்துக்கு? பசியோட இருக்கறாங்க. இந்தப் பையன் ஒருக்காக் கேட்டுப்போட்டுப் போயிட்டே இருக்கறான்."

எனக்கு அது ஏன் தோன்றவில்லை என்று நீங்கள் பிற்பாடு எத்தனை முறை கேலி செய்திருப்பீர்கள். நான் கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். அங்கே வாளி ஒரு தடவைதான் வரும், தட்டை நீட்டாதவள் பட்டினி. இன்றைக்கும் யார் எதைக் கொடுத்தாலும் முதல் தடவையே வாங்கிக்கொள்வேன். "கொஞ்சமாச்சும் வெக்கம் வேணும் அம்மணி" என்பீர்கள்.

டாக்டரிடம் போய், "ஒரே ஒரு வேளை நான் உள்ள போய்ப் பரிமாறறனுங்க. அதுக்கும் சாப்பிடலைன்னா நீங்க பிரெட்டே குடுங்க" என்றீர்கள். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அந்த வெள்ளைக் கவச உடையைப் போட்டதும் உங்கள் அம்மாவுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. குரல் மட்டும் கதவைத் தாண்டிக் கேட்டது.

"இருக்கட்டுங்க" என்றார் மாரப்பண்ணன், வழக்கம்போல.

"என்ன இருக்கட்டும்? நாங்க ஆக்குனது வாய்க்கு ஆகாதுங்களா?"

"ஐயோ, அப்படியில்லீங்க."

"அப்பறம் ஒரே ஒரு கரண்டி."

"சரி, கொஞ்சமாப் போடுங்க."

கொஞ்சமாகவா போட்டீர்கள்? ரசத்தையும் ஊற்றிவிட்டு, அவர் உண்டு முடிக்கும் வரை நகராமல் நின்றீர்கள். "மறுக்கா ஒரு கரண்டி" என்று அவர் பதிலுக்குக் காத்திராமல் இரண்டாம் முறையும் போட்டபோது அந்த மனிதர் சிரித்தார். அந்த வரிசை முழுக்கச் சாப்பிட்டது. காலிப் பாத்திரத்தை வெளியே தூக்கி வந்து என் கையில் கொடுத்தபோது உங்கள் கண்ணாடி முழுக்க ஆவி படிந்திருந்தது. வியர்வை என்றீர்கள், நான் இன்றுவரை நம்பவில்லை.

அந்தப் பையனுக்கு நீங்கள் பாடம் எடுத்தீர்கள். அவன் கேட்டான், "நெசமாவே போதும்னா எப்படிக்கா தெரியும்?" நீங்கள் தட்டின் மேல் இரண்டு கையையும் கவிழ்த்துக் காட்டினீர்கள். "இப்படி மூடுவாங்க கண்ணு. அப்ப உட்டுரு. அது வரைக்கும் உடாத." அதற்குப் பிறகு பிரெட் பேச்சே வரவில்லை. மாரப்பண்ணன் தன் காலில் நடந்து வீட்டுக்குப் போனார்.

அரங்கத்தை மூடப்போகிற சமயத்தில் உங்களுக்கும் அந்த நோய் வந்தது. உள்ளே போனதால் வந்ததா, காய்கறிச் சந்தையில் வந்ததா? யாரால் சொல்ல முடியும்? உள்ளே போகாதீர்கள் என்று நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள். அது எனக்குத் தெரியும், அதனால்தான் தூங்க முடிகிறது.

உங்களை நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். யாரையும் உள்ளே விடவில்லை. ஊருக்கெல்லாம் ஊட்டிய உங்களுக்கு ஒரு வாய் ஊட்ட எனக்கு வழியில்லை. கதவுக்கு வெளியே நின்று அழுதேன் அக்கா, வெட்கமில்லாமல் அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போன் போட்டேன். எடுத்த நர்ஸ் பெண்ணிடம், "சிஸ்டர், அவங்க வேண்டாம்னு சொன்னா நம்பாதீங்க. மறுபடியும் கேளுங்க" என்றேன். கைகளைக் கவிழ்ப்பதையும் சொன்னேன். அவளுக்கு இருந்த வேலையில் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்திருக்கும்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "நீங்க சொன்ன மாதிரிதாம்மா. முதல்ல வேண்டாம்னாங்க. மறுபடி கேட்டேன், கஞ்சி வாங்கிக்கிட்டாங்க. இன்னும் ஒரு கரண்டியும் குடிச்சாங்க. அப்புறம்தான் கையை வெச்சு மூடினாங்க. மூடிட்டு, நீ சாப்பிட்டயா கண்ணுன்னு என்னைக் கேட்டாங்க."

அதற்கடுத்த நாள் நீங்கள் போய்விட்டீர்கள். வயிறு காயாமல் போனீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் மறுபடி அடுப்படிக்கு வந்தேன்.

இப்போதைய கதையைக் கேளுங்கள். மண்டபத்து ஆஸ்பத்திரியில் பரிமாற வருகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் நம் பாடம்தான். நடத்துவது யார் தெரியுமா? மாரப்பண்ணன். தினமும் தன் தோட்டத்துக் கீரையைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். கட்டில் கட்டிலாக நின்று, "நானும் இப்படித்தானுங்க வேண்டாம்னேன். அந்தம்மா உடல" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிடுகிறார். பாத்திரம் காலியாகத்தான் திரும்புகிறது. ரசத்தில் மிளகு மட்டும் இன்னும் என் அளவுதான், அதில் நான் தோற்க மாட்டேன்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. என் கையில் கரண்டி இருக்கும் வரை, ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு எந்தக் கட்டிலையும் நம் ஆட்கள் தாண்டிப் போக மாட்டார்கள்.

நானும் ஒருநாள் அங்கே வர வேண்டும்தானே. பந்தியில் நீங்கள்தான் பரிமாறிக்கொண்டிருப்பீர்கள், சந்தேகமே இல்லை. அன்றைக்கு மட்டும் உங்கள் ஊர்க்காரி மாதிரி மரியாதையாக, "இருக்கட்டுங்க" என்று சொல்லப்போகிறேன்.

நம்பிவிடாதீர்கள். மறுக்காக் கேளுங்கள்.

வேறு வயிற்றில் பிறந்தாலும் உங்கள் அடுப்படியில் வளர்ந்த தங்கச்சி,
பிலோமினா