சிலைகள் போகிற லிஃப்ட்

லேக் மார்க்கெட், கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிபிக்கு, அம்மா ஆசியோடு எழுதுவது. இங்கே நான் சௌக்கியம், சர்க்கரை அடங்கியிருக்கிறது, கால் எடுத்த இடத்தில் புண்ணும் ஆறிவிட்டது. ஜெர்மனிக் குளிரில் நீயும் ராதாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் என்றால் நான் பாதி சொல்வதற்குள் நீ பேச ஆரம்பித்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். கோயம்புத்தூர் முதியோர் இல்லத்தில் எனக்கு அறை பார்த்துவிட்டு, சக்கர நாற்காலியை வைத்துக்கொண்டு இந்த ஊரில் தனியாக என்ன செய்வாய் என்று கேட்டாயே, என்ன செய்தேன் என்று கேள்.

நியூ டவுனில் புதிதாகக் கட்டிய மியூசியத்தின் படத்தை அனுப்பி, உலகமே மெச்சுகிறது என்றாய் அல்லவா, நேற்று மாடி வீட்டு ஷியாமளாவோடு கேப் பிடித்து அங்கேதான் போனேன். அழகுதான், பொய் சொல்லக் கூடாது. பூச்சே இல்லாத சிமெண்டுச் சுவரில், வார்க்கும்போது அடைத்த பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது, தடவிப் பார்த்தேன், மரத்தைத் தொட்டது போலவே இருந்தது, கூரை முழுக்கக் கண்ணாடி. ஆனால் மாடிக்குப் போகக் கருங்கல் படிக்கட்டு மட்டும்தான். நாலு பையன்கள் ஓடி வந்து, மாஷிமா, நாற்காலியோடு தூக்கிவிடுகிறோம் என்றார்கள். நல்ல பிள்ளைகள்தான், ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. கங்கையில் கரைக்கத் தூக்கிப் போக நான் என்ன துர்கை பொம்மையா என்று வங்காளத்தில் கேட்டேன், சிரித்துவிட்டார்கள். மேனேஜர் வந்து, சாய்தளம் கட்டப் போகிறோம், துர்கா பூஜை முடிந்து வாருங்கள் என்றார். டிக்கெட் இன்றைக்குத்தானே கொடுத்தீர்கள் என்று படிக்கட்டுக்கு நேர் எதிரே பிரேக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஷியாமளா வெட்கப்பட்டுத் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மேலே இருக்கிற கற்சிலைகளை யார் தோளில் சுமந்து ஏற்றினீர்கள் என்று கேட்டேன், அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பின்பக்கம் சாமான் ஏற்றும் லிஃப்ட் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். அதில் ஏறிப் போய், நானே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு, மூடும்வரை எல்லாவற்றையும் பார்த்தேன்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போகிறேன். என்னோடு பிசியோதெரபிக்கு வரும் மூன்று பேரும் வருகிறார்கள், அவர்களும் நாற்காலியில்தான். சாய்தளம் கட்டும்வரை சனிக்கிழமை தவறாமல் வருவோம் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். என்னை எங்கே வைப்பது என்று நீ யோசிப்பது பாசத்தால்தான், தெரிகிறது, ஆனாலும் வலிக்கிறது. எனக்கு இன்னும் போக வேண்டிய இடங்கள் இருக்கின்றன.

நீயும் ராதாவும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க வேண்டும். வெளியே போகும்போது காதை மூடிக்கொள். மறக்காமல் அந்த இல்லத்துக்காரர்களைக் கூப்பிட்டு, அம்மா வரவில்லை என்று இதைப் படித்ததுமே சொல்லிவிடு.

உன் அம்மா,
மகேஸ்வரி