முந்நூறு சொல்லுக்கு ஒரு குரல்

ஐப்பசி 21, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. வாழவந்தி நாட்டு பஸ் வந்ததா தெரியவில்லை, ஹாரன் கேட்கவில்லை. துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம்.

இன்று: அத்தியாயம் 19 முடிப்பது. அட்டைப்படம் வரைபவருக்குப் பதில். உப்பு, தீப்பெட்டி.

உப்பு மட்டும் வாங்கினேன். கடையில் என் முதுகுக்குப் பின்னால் ஒருவர்: "டீச்சரம்மா வேலைய உட்டுட்டு ஊட்டுல சும்மாதான் இருக்கறாங்களாட்டம்." சும்மா! நாவல் எழுதி, நானே மின்நூலாகப் போட்டுப் பிழைப்பது என்று இறங்கி ஒரு வருடம். தலைமையாசிரியர் இல்லை, மணி அடிப்பவர் இல்லை. அதனால் எனக்கு நானே போட்ட சட்டம்: ஒரு நாளைக்கு முந்நூறு சொல். எழுதாத நாளில் வீட்டுக்காரரோடு பேச்சு கிடையாது. போர்வெல் வண்டியோடு அவர் சத்தீஸ்கர் போய் ஐந்து மாதம். வேறு எந்தத் தண்டனையும் எனக்கு உறைக்காது என்று நானேதான் சொன்னேன். எந்தக் கூறுகெட்ட நேரத்தில் சொன்னேனோ.

ஆறு மணிக்குக் கூப்பிட்டார்.

"ஆச்சா?"

"இல்லீங்க. நூத்திப் பத்து."

"அப்ப வெச்சர்றேன் கண்ணு."

வைத்தேவிட்டார். இந்த மனுஷன் கொஞ்சம் கண்டிப்புக் குறைந்தால்தான் என்ன.

ஐப்பசி 22, செவ்வாய்

மழை. சொல் 40. அதிலும் பாதி அழித்தாயிற்று.

அத். 19-ல் பெரிதாக ஒன்றுமில்லை. பல மாதம் கழித்துப் புருஷன் வீடு திரும்புகிறான். கதவைத் தட்டுகிறான், அவள் திறக்கிறாள். எட்டு நாளாக அவனை வாசலிலேயே நனைய விட்டிருக்கிறேன். திறந்ததும் "வாருங்கள், நலமா?" என்கிறாள். யார் வீட்டில் அப்படிக் கேட்கிறார்கள்?

தீபாவளிக்கு வருகிறேன் என்றவர் வரவில்லை. அவருக்கு எடுத்த வேட்டி பீரோவில். அதைப் பார்த்தால் எழுத வருவதில்லை. பார்க்காவிட்டாலும் வருவதில்லை.

மாலை போனில் பொய் சொன்னேன்.

"முந்நூறும் ஆச்சுங்க."

"அட! எங்க, படி பாக்கலாம்."

முழித்தேன். புரிந்துகொண்டார். சிரித்தார், உடனே கட். அந்தச் சிரிப்புக்காக நாளையும் ஒரு பொய் சொல்லலாம்.

ஐப்பசி 23, புதன்

கரண்ட் இல்லை. லேப்டாப் அணைந்துவிட்டது. போனில் பாதி சார்ஜ். நாம் பேசப் பேச அதுவே எழுதிக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்று கதவைச் சாத்திக்கொண்டு ஆரம்பித்தேன். "ஊட்டுக்கு வாரேன்" என்றேன். "ஓட்டுக்கு வாரம்" என்று எழுதியது. எலெக்‌ஷனுக்கு வந்தவன் ஆகிவிட்டான் புருஷன். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

எப்படியோ எழுதிக்கொள், பிறகு திருத்தலாம் என்று விட்டுவிட்டேன். மழைக்கு மேல் சத்தமாகவே பேசினேன். அவளுக்கு என் குரல், அவனுக்குக் கட்டைக் குரல்.

"ஏனுங்க, இப்படியா நனஞ்சுட்டு வருவீங்க? மொதல்ல தலையத் தொவட்டுங்க."

"அட, மூஞ்சியப் பாக்க உடு சாமி."

எங்கிருந்து வந்ததோ. அழுகையும் வந்தது. பேச்சை நிறுத்தவில்லை.

மதியம் கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தேன். பக்கத்து வீட்டுச் செல்லக்கா. கையில் தூக்குப் போசி. கோழிக் குழம்பு, சாமைச் சோறு. இரண்டு பேருக்கு.

"ஊட்டுக்காரரு வந்துட்டாருங்களா? பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. தொண்ட கட்டிக்கிச்சாட்டம் இருக்குது அவருக்கு. மொளகு தூக்கலாப் போட்டிருக்கறேனுங்க."

என் கட்டைக் குரல்!

"அது கதைங்கக்கா. நானேதான் பேசுனேன்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அழுதீங்களே, அதுவுங் கதைங்களா?"

போசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் போய்விட்டார். இரண்டு பேர் பங்கையும் நானே சாப்பிட்டேன். உறைப்புதான்.

ஆறு மணிக்கு முன்பே போன் சார்ஜ் தீர்ந்தது. இன்று பேச்சு இல்லை.

ஐப்பசி 24, வியாழன்

வெயில்! துணி காய்ந்தது. கரண்ட் வந்தது. போன் உளறியதையெல்லாம் திருத்தி அடித்தேன். சொல் 640. அத். 19 முடிந்தது. அட்டைப்படத்துக்கும் பதில் போட்டேன்.

ஐந்தரைக்கே தண்ணீர்த் தொட்டி மேட்டில் போய் நின்றேன். அங்கேதான் டவர் விடாமல் கிடைக்கும்.

"ஆச்சா?"

"ஆச்சுங்க."

"படி."

படித்தேன். கதவு, மழை, தலை துவட்டுவது, மூஞ்சி, எல்லாம். அந்தப் பக்கம் வண்டி இரைச்சலுக்கு மேல் அவர் குரல்.

"ஏங் கண்ணு, அவனுக்கு மட்டும் லீவு குடுத்து உட்டுட்டியா?"

போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"செரி. அவ கதவத் தொறக்கற எடத்த மட்டும் இன்னொருக்கா படி."

படித்தேன்.