நல்ல டிம்சம் கிடைக்கக் கூடாது

பூந்தமல்லி,
ஞாயிற்றுக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பின்.

பிரியமுள்ள மச்சானுக்கு உங்கள் மனைவி ரோஷன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் நம் மகள் ரூஹியும் சுகம். அங்கே உங்கள் சுகம் எப்படி என்று கேட்டு எழுதுவதுதான் முறை. இந்தத் தடவை அதைக் கேட்கவில்லை. உங்கள் சுகம் என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசக் கூடாதா என்பீர்கள். ஊருக்கு வருகிற பேச்சை எடுத்தாலே கோலாலம்பூரில் சிக்னல் போய்விடுகிறது. பேப்பருக்கு அந்த வியாதி கிடையாது. என் தம்பி மஸூத் வியாபார விஷயமாகப் புதன்கிழமை அங்கே வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

நோன்புப் பெருநாள் முடிந்த வாரம் நீங்கள் வாய்ஸ் மெசேஜில் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் எல்லாம் சுற்றிப் பார், நல்ல டிம்சம், அதுதான் நீங்கள் அங்கே ஹோட்டலில் ஆவியில் வேகவைக்கிற அந்தச் சீனக் கொழுக்கட்டை, எங்கேயாவது கிடைக்கிறதா என்று சொல் என்றீர்கள். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் வேலையை விட்டுவிட்டு வந்து நானே கடை போடுகிறேன்; ஏற்கெனவே ஒருத்தன் நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தால் நம் கடை எடுபடாது, நான் இங்கேயே இருந்துவிடுவதுதான் நல்லது என்றீர்கள். பதினோரு வருடம் டிம்சம் மடித்த மனிதர் சொல்கிறாரே என்று நானும் நம்பினேன்.

ஆனால் நல்லது எது, கெட்டது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் செய்து நான் ஒன்றுகூடச் சாப்பிட்டதில்லை. லீவில் வந்த இரண்டு தடவையும் அந்த மாவு இங்கே கிடைக்காது என்று அடுப்பங்கரைப் பக்கமே நீங்கள் வரவில்லை. அதனால் நீங்கள் சொல்லிக்கொடுத்த பரீட்சையை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டேன். தோல் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் உள்ளே இறாலின் சிவப்பு தெரிய வேண்டும். தூக்கும்போது கிழியக் கூடாது. மடிப்பு பத்துக்குக் குறையக் கூடாது.

முதலில் ஆவடி ஸ்டேஷன் எதிரே போனோம். அங்கே ஜெபா என்று ஒரு பெண் வண்டி போட்டிருக்கிறாள். டிம்சம் இருக்கிறதா என்றதற்கு, "அப்டின்னா இன்னாக்கா? என்கிட்ட மோமோதான் கீது. துன்னு பாரு, அதுவும் நல்லாத்தான் இருக்கும்" என்றாள். தோல் நம் வீட்டு ரொட்டி கனம். உள்ளே முட்டைக்கோஸ். பாவம், நல்ல பெண், ஆனால் பரீட்சையில் பெயில். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அடுத்த வாரம் இங்கே ட்ரங்க் ரோட்டில் ஒரு பேக்கரி. போர்டில் டிம்சம் என்றே எழுதியிருந்தார்கள். எண்ணெயில் பொரித்துக் கொடுத்தார்கள்! திருமழிசையில் கேட்டபோது கொழுக்கட்டைக் கடையைக் கைகாட்டினார்கள். பிறகு ரூஹி செல்போனில் ஆர்டர் போட்டாள். ஐயப்பன்தாங்கலிலிருந்து வந்தது. பெட்டியைத் திறந்தால் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிழிந்து கிடந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்றேன். சாப்பாடு பாழானதற்கு இறைவனுக்கு நன்றி சொன்ன ஒரே பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன். அன்றைக்கே அலமாரியில் உங்கள் துணிமணிக்கு ஒரு தட்டு காலி செய்து வைத்தேன்.

அம்பத்தூர்தான் பாக்கி. போன ஞாயிறு எஸ்டேட் பக்கம் போனோம். ஐ.டி. கம்பெனிகளுக்கு எதிரே சின்னக் கடை, ஆறே மேஜை. ஹலால் என்று எழுதியிருந்ததால் உள்ளே போனோம். மூங்கில் தட்டில் நாலு இறால் டிம்சம் வந்தது. மூடியைத் திறந்தேன். ஒன்றைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தேன். சிவப்பு தெரிந்தது. ஆட்டிப் பார்த்தேன், கிழியவில்லை. மடிப்பை எண்ணினேன். பதினொன்று. ரூஹி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, நாம இந்தக் கடைக்கு வரவே இல்லன்னு அத்தாகிட்ட சொல்லிடலாம்" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு விவரம்.

அப்போதுதான் உள்ளேயிருந்து சமையல்காரர் வந்தார். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. இப்டி லைட்ல தூக்கிப் புடிச்சு மடிப்ப எண்ற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தருதான் கீறாரு. கலீல் அண்ணனுக்கு நீங்க இன்னா வேணும்?" என்று கேட்டார். முகமது ஆசிக் என்று பெயர் சொன்னார். உங்களோடு நாலு வருடம் அதே அடுப்பில் நின்றவராம். நான் யாரென்று சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் கேட்ட முதல் வார்த்தை: "அண்ணி, அண்ணன் கை இப்ப எப்டி கீது?"

நான் என்ன செய்வேன் மச்சான்? கட்டிய புருஷன் கைக்கு என்ன ஆனது என்று தெரியாதவள் என்று எப்படிக் காட்டிக்கொள்வது? "பரவாயில்லப்பா" என்றேன். தெரிந்தவளிடம் பேசுவது போல அவர் மீதி எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஆவியடுப்பு சரிந்து வலது கை வெந்துபோனது, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் இனி சேராது என்று டாக்டர் சொன்னது, நீங்கள் இப்போது பின்பக்கம் ஒற்றைக் கையால் தட்டு கழுவுவது எல்லாம். "மடிப்பு எனக்கு அண்ணன் சொல்லிக் குடுத்ததுதான் அண்ணி" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் தட்டிலிருந்ததை எடுத்து வாயில் வைத்தேன். உங்கள் கைப்பக்குவத்தை நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக இருந்தது. அழுதுகொண்டே நாலையும் சாப்பிட்டேன்.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் ஒவ்வொன்றாக விளங்கியது. ஒன்றரை வருடமாக ஏன் ஓர் எழுத்துகூட டைப் செய்து அனுப்பவில்லை, வீடியோவில் ஏன் முகம் மட்டும் தெரிகிறது என்று விளங்கியது. மஸூத் நிக்காஹுக்கு நீங்கள் வராதபோது முதலாளி லீவு தரவில்லை என்று ஊரெல்லாம் நான் பதில் சொன்னேன். நாலு பேர் ஒரே சஹன் தட்டில் கை வைத்துச் சாப்பிடுகிற இடத்தில் இடது கையை எப்படி நீட்டுவது என்றுதானே வரவில்லை? முடியாதவருக்கு மார்க்கத்திலேயே மன்னிப்பு உண்டு. உங்களுக்குத்தான் அது போதவில்லை.

கோபம் எனக்கு எதில் தெரியுமா? நல்ல கடை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று நான் தெருத் தெருவாக இறைவனிடம் துஆ கேட்டுக்கொண்டு அலைந்தேன். ஒன்றாவது இருக்க வேண்டும் என்று நீங்கள் அங்கே துஆ கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். உங்கள் துஆதான் கபூல் ஆகியிருக்கிறது. அம்பத்தூரில் நல்ல டிம்சம் கிடைக்கிறது. உங்கள் பேச்சுப்படி நீங்கள் வர வேண்டியதில்லை.

இதைப் படித்துவிட்டு நீங்கள் பெட்டி கட்டுவீர்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் ரோஷம் எனக்குத் தெரியும். ரூஹியும் இப்போது கேட்பதில்லை. அலமாரியில் காலி செய்த தட்டில் நேற்று அவள் புத்தகங்களை அடுக்கிவிட்டாள். கடை வேண்டாம், டிம்சம் வேண்டாம், மனிதர் வந்தால் போதும் என்று எழுத வருகிறது. எழுதி என்ன ஆகப்போகிறது?

ஒன்று மட்டும் செய்யுங்கள். மஸூதுக்கு எதுவும் தெரியாது. இந்தக் கடிதத்தை நீங்கள் இடது கையால் வாங்கியிருப்பீர்கள், அல்லது மேஜைமேல் வைக்கச் சொல்லியிருப்பீர்கள். அவன் அங்கே பத்து நாள் இருப்பான். ஒரு வேளையாவது அவனோடு உட்கார்ந்து, ஒரே தட்டில், இடது கையால் சாப்பிடுங்கள். அவன் பார்க்கட்டும். என் தம்பி பார்த்துவிட்டால் நான் பார்ப்பது உங்களுக்கு அவ்வளவு கஷ்டமாக இருக்காது.

உங்கள் இரண்டு கைகளுக்காகவும் துஆ செய்கிற,
ரோஷன் பேகம்.