உன் வெள்ளிச் செருப்பு போன இடம்

அன்பு மகள் கிரிசெல்டாவுக்கு,

குவாதலூப்பே மாதா புண்ணியத்தில் நானும் உன் அம்மா லியோனிலாவும் குரைக்கத் தெரியாத நம் நாயும் சுகமே இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாக் குளிரில் மூக்கு உறைந்துபோகாமல் சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, மூன்றாம் வகுப்போடு நின்றவன் எழுத்து பஞ்சர் ஒட்டிய டியூப் மாதிரிதான் இருக்கும், காற்று நின்றால் சரி. போனில் சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள், கதையின் வாலை முதலில் சொல்லிவிடுகிறாள். மழையில் ரோடெல்லாம் குழியாகிவிட்டதால் கடையில் வியாபாரத்துக்குக் குறைவில்லை, பாவம்தான், ஆனாலும் மழைக்கு நான் பொறுப்பில்லையே. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, டாக்டர் நடக்கச் சொன்னார், அவள் பக்கத்து வீடு வரைக்கும் நடக்கிறாள், அங்கே உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருக்கிறாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதி கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள நீ கேட்ட வெள்ளி நிற ஹீல்ஸை வாங்கிவிட்டோம். அது இப்போது வேறொருத்தி காலில் இருக்கிறது. திட்டுவதற்கு முன்னால் கடைசி வரை படி.

போன சனிக்கிழமை நானும் அம்மாவும் வண்டியை எடுத்துக்கொண்டு லெயோனுக்குப் போனோம். செருப்புக்கென்றே பிறந்த ஊர், ஆனால் உன் கோழிக்குஞ்சுக் காலுக்கு மட்டும் அங்கேயும் செருப்பு இல்லை. அளவைச் சொன்னதும் ஒவ்வொரு கடைக்காரனும் குழந்தைகள் பக்கம் கையைக் காட்டினான், ஒருத்தன் முதல் நற்கருணைக்குப் போடுகிற வெள்ளை ஷூவை, முன்னால் பூ வைத்தது, எடுத்து நீட்டினான். கடைசியில் ஒரு சந்துக் கடையில், கணுக்காலில் வார் போட்டு, குட்டியாய், வெள்ளி மாதிரி மினுங்கிக்கொண்டு ஒரு ஜோடி கிடைத்தது. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், அந்தச் சந்தோஷத்தில் ஆற்றங்கரைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீடு என்று சொல்லிவிட்டாள். போகிற வழியில் ஒரு வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. பக்கத்தில் கல்லின் மேல் கோட்டு சூட்டுப் போட்ட ஓர் ஆள், மடியில் மூன்று அடுக்குக் கேக்கை வைத்துக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சி மாதிரி வெயிலில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறான். நான் வண்டியை நிறுத்தி, காத்து போனது கேக்குக்கா வண்டிக்கா என்று கேட்டேன். அவன் பெயர் கிரெசென்சியோ. டயரை ஒட்டிக் கொடுத்தேன், காசு வேண்டாமென்று விட்டேன். "அண்ணே, இன்னைக்கு என் தங்கச்சி மகளுக்குப் பதினஞ்சு வயசு. ஆத்தங்கரையிலதான் விருந்து. நீங்க சாப்பிடாமப் போனீங்கன்னா இந்தக் கேக்கைத் தூக்கி ஆத்துல வீசிடுவேன்" என்றான். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் உன் அம்மா கண்ணாடியைத் திருப்பித் தலை சீவத் தொடங்கிவிட்டாள்.

அங்கே போனால் பெரிய மரங்களுக்கு அடியில் பந்தல், கோயிலில் பூசை முடித்து வந்த கூட்டம், அண்டா அண்டாவாக மோலே குழம்பு. பெண்ணின் பெயர் சுலேமா, வான நீல கவுனில் அவள் நடந்து வந்தது கூடாரம் நகர்ந்து வந்தது போல இருந்தது. கிரெசென்சியோ தன் கேக்கைத் தூக்கிக்கொண்டு மேசைக்குப் போகிறான், மேசையில் ஏற்கெனவே ஐந்து அடுக்கில் ஒரு கேக் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் காவலுக்கு ஓர் அம்மாள், ஒஃபேலியா, பெண்ணின் அத்தை. "யாரைக் கேட்டுக் கேக் கொண்டாந்தே?" என்று அவள் கேட்க, "உங்க அண்ணன் பொண்டாட்டியையே கேளு" என்று இவன் சொல்ல, ஒரே சிரிப்பு. கிரீடத்துக்கு ஒருத்தர், கேக்குக்கு ஒருத்தர், பாட்டுக்கு ஒருத்தர் என்று ஒவ்வொன்றின் செலவுக்கும் ஒரு ஞானப்பெற்றோரைப் பிடிப்பது நமக்கும் உள்ள வழக்கம்தானே. இங்கே நடந்தது என்னவென்றால், கேக்குக்கு முதலில் ஒஃபேலியாவைத்தான் வைத்திருக்கிறார்கள். நடுவில் அவளுக்கும் பெண்ணின் அம்மாவுக்கும் ஏதோ சண்டை. உடனே பெண்ணின் அம்மா கேக் பொறுப்பைப் பிடுங்கி, வேறு பொருளுக்குப் பொறுப்பாய் இருந்த கிரெசென்சியோவிடம் கொடுத்துவிட்டாள். பிறகு ராசியானதும் கேக்கைத் திரும்ப ஒஃபேலியாவுக்கே கொடுத்தாள். அண்ணனிடம் சொல்ல மறந்துவிட்டாள். இரண்டு கேக் இருந்தால் இரண்டு துண்டு என்று நான் அம்மாவிடம் சொன்னேன், அவ்வளவுதான் எங்களுக்குத் தோன்றியது.

இனிமேல்தான் நமக்குத் தெரியாத வழக்கம் வருகிறது. நம் மலைப்பக்கத்தில் பதினைந்து வயது என்றால் பூசை, சாப்பாடு, ஆட்டம், முடிந்தது. இங்கே அப்படியில்லை. பெண் தட்டைச் செருப்போடுதான் வருகிறாள். நடுவில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். அப்பா எல்லார் முன்னாலும் மண்டியிட்டு, அந்தச் சின்னப்பிள்ளைச் செருப்பைக் கழற்றிவிட்டு, ஹீல்ஸ் மாட்டிவிடுகிறார். அதைப் போட்டுக்கொண்டு எழுந்த பிறகுதான் அவள் குமரி, அப்புறம்தான் அப்பாவோடு ஆட்டம். என்ன இது என்று பக்கத்தில் இருந்த பெண்ணைக் கேட்டேன், "இதுகூடத் தெரியாதா, எந்தக் காட்டுலருந்து வர்றீங்க?" என்றாள். பக்கத்துக் காட்டிலிருந்துதான் என்றேன். சுலேமாவின் அப்பா பால்தொமேரோ செங்கல் சூளைக்காரர், மலை மாதிரி ஆள், மண்டியிட்டு அவள் செருப்பைக் கழற்றிவிட்டார். மைக்கில் ஒருத்தன், செருப்பின் ஞானத்தந்தை கிரெசென்சியோ மேடைக்கு வரவும் என்றான். கிரெசென்சியோ கையில் கறித்துண்டோடு எழுந்து, "நானா? என்னைத்தான் கேக்குக்கு மாத்திட்டீங்களே!" என்றான்.

சிரிப்பெல்லாம் அப்படியே அடங்கிப்போனது கண்ணு. பெண்ணின் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அத்தை, சித்தி, பக்கத்து வீட்டுக்காரி என்று ஆளாளுக்குத் தங்கள் செருப்பைக் கழற்றி ஓடி வந்தார்கள். எதைப் போட்டாலும் அந்தப் பிள்ளையின் காலில் தோணியாக நிற்கிறது, உன்னைப் போலவே அவளுக்கும் குஞ்சுக் கால். கடைக்கு ஓடலாம் என்றால் டவுன் எங்கேயோ இருக்கிறது, பாட்டுக்காரர்கள் வேறு விருந்துக்குப் போக அவசரப்படுகிறார்கள். பழையதையே மாட்டிவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருத்தர் சொன்னார். சுலேமா அழவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அப்பா, அடுக்களையில சித்தி செருப்புல துணியை அடைச்சுப் போட்டு நடந்து நடந்து பழகினேன். இதையே போட்டுட்டு எழுந்திரிச்சா நேத்து இருந்தவளாத்தானே இருப்பேன்" என்றாள். பால்தொமேரோ எழுந்திருக்காமல் மகளின் வெறுங்காலைக் கையில் பிடித்தபடியே இருந்தார். உன் அம்மா என் விலாவில் ஒரு குத்து விட்டாள். அது நம்ம பிள்ளையோடதுடி என்று நான் முணுமுணுத்தேன். "நம்ம பிள்ளைக்கு அடுத்த சனிக்கிழமை வாங்கலாம், இவளுக்கு அடுத்த சனிக்கிழமை பதினஞ்சு வருமா? எழுந்திருய்யா" என்றாள். எழுந்தேன். தொந்தி குலுங்க வண்டிக்கு ஓடிப் பெட்டியோடு வந்தேன், பின்னாலேயே ஊர் நாய்களும் ஓடி வந்தன.

அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. ஆனால் பால்தொமேரோவின் செங்கல் பிடிக்கிற கையில் அந்தப் பொடி வார் நிற்கவில்லை, நான் உதவிக்குக் குனிந்தேன், அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து, "விடு, அது அவர் வேலை" என்றாள். அவரே மாட்டினார். சுலேமா எழுந்தாள், கன்றுக்குட்டி மாதிரி ஒரு தள்ளாட்டம், பிறகு நிமிர்ந்தாள், கூட்டம் கத்தின கத்தலில் மரத்திலிருந்த கொக்கெல்லாம் பறந்துவிட்டன. மைக் பிடித்தவன் செருப்பின் ஞானத்தாய் பெயர் வேண்டும் என்றான். உன் அம்மா மைக்கை வாங்கி, "கிரிசெல்டா, எங்க மக, கனடாவுல இருக்கா" என்று சொல்லிவிட்டாள். அத்தனை பேரும் உனக்குக் கை தட்டினார்கள். அதனால் நீ இப்போது ஒரு பெண்ணுக்கு ஞானத்தாய், நான் சூளைக்காரருக்கு உறவு, எந்நேரமும் செங்கல் வந்து இறங்கும் போல இருக்கிறது.

இந்தச் சனிக்கிழமை உனக்கு வேறு ஜோடி வாங்க லெயோனுக்குத் திரும்பப் போகிறோம், கல்யாணத்துக்கு முன்னால் வந்துசேரும். இரண்டு காலுறை போட்டுக்கொள், வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியையே தின்று காலம் தள்ளாதே. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை சுலேமாவுக்குப் போன் பண்ணு, நம்பரை அம்மா அனுப்புவாள், அந்தப் பிள்ளை கூச்சத்தில் தானாகப் பேசாது. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும், அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். இன்னொன்று. அந்த வழக்கம் நம் பக்கத்தில் இல்லாததால் உன் பதினைந்தாம் வயதில் எனக்கு அந்தக் கொடுப்பினை கிடைக்கவில்லை. பரவாயில்லை, நீ லீவுக்கு வரும்போது வாசலில் நாற்காலி போடுகிறேன், உனக்கு எத்தனை வயசானால் என்ன, ஊரே பார்க்கட்டும், நான் மண்டியிட்டு மாட்டிவிடுகிறேன். என்னைத் தூக்கி நிறுத்த மட்டும் பலசாலியாக ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு வா.

இப்படிக்கு,
உன் அப்பா, பஞ்சர் கடை நிக்கானோர்