அறுபதில் 'ஸ' இல்லை

ஜூன் 4, புதன்

சாரல். காற்றில் குடை திரும்பிக்கொண்டது. துடியலூர் பல் டாக்டரிடம் ட்ரையல்.

மார்ச்சில் மேல் வரிசை முழுவதும் எடுத்தாயிற்று. ஈறு நோய். அன்றிலிருந்து வெளியே போனால் முகக்கவசம். எலும்பில் ஸ்க்ரூ வைத்துக் கட்டுவதா, கழற்றி மாட்டும் செட்டா என்றதற்குச் செட்டு என்றேன். எலும்பு போதாது, சர்க்கரை வேறு.

இன்று மெழுகில் பதித்த பல். நிறம்: பால் வெள்ளையை விட்டு லேசான மஞ்சள். "எல்லாரும் வெள்ளைதானுங்க கேப்பாங்க" என்றார் டாக்டர், சின்னப் பெண். இந்த வயதில் அது விளம்பரப் பல்.

பேச்சு சரியா என்று பார்க்க, "அறுபதுலருந்து எழுவது வரைக்கும் எண்ணுங்க மேடம்." எண்ணினேன். "சூப்பருங்க. விசிலே அடிக்கலை." வெள்ளிக்கிழமை மாலை லேபுக்குப் போகிறது. கெட்டியாக்கிய பிறகு மாற்றுவது கஷ்டமாம்.

ஜூன் 5

சந்தேகம். தோசை ஊற்றிக்கொண்டே மறுபடி எண்ணினேன். அறுபத்தொண்ணு, அறுபத்திரெண்டு, அறுபத்துமூணு... எழுபது வரை ஒரு 'ஸ' கூட இல்லை. புதுப் பல் விசில் அடிப்பதே 'ஸ'வில்தானே. இங்கிலீஷில் எண்ண வேண்டிய சோதனை அது. சிக்ஸ்டி ஒன், சிக்ஸ்டி டூ. தமிழாக்கியதும் சோதனையே காணாமல் போய்விட்டது. எத்தனை பேர் இப்படி எண்ணித் தேறினார்களோ.

18ஆம் தேதி கல்லூரி திறப்பு. எனக்குப் புதிதாகத் தந்திருப்பது இரண்டாம் ஆண்டு வேதியியல், 58 பேர். வருகைப் பட்டியலில் 'எஸ்' மட்டும் 19. சஞ்சய், சசிரேகா, ஸ்ரீநிதி, சுஷ்மிதா... பெயருக்கு ஒரு விசில் அடித்தால் முதல் நாளே பட்டப்பெயர். அவர்கள் படித்து முடிக்கும் வரை போகாது.

டாக்டருக்கு ஃபோன் செய்ய வேண்டும். கூச்சம். படித்த பெண்ணுக்குப் பாடம் எடுப்பதா?

என் வீட்டுக்காரர் சோபாவிலிருந்து: "நமக்குத்தான் எதுக்கெடுத்தாலும் 'ங்க' இருக்குதே. அதுக்குப் பல்லே வேண்டாம். 'ங்க ங்க'ன்னே பாடத்த நடத்திப்போடு கண்ணு." சிரிப்பு வரவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டு அவரே: "இப்பக் கூப்புடாட்டி, அப்புறம் கிளாஸ்ல ஒருத்தர் பேரையும் நீ கூப்புடமாட்ட."

கூப்பிட்டேன். டாக்டர் நாளை வரச் சொன்னார்.

ஜூன் 6

மெழுகுப் பல்லோடு கிளினிக் நாற்காலியில் சாய்ந்து, பட்டியலைப் பிடித்து வருகை எடுத்தேன். சஞ்சய்: விசில். ஸ்ரீநிதி: பிரஷர் குக்கர்.

டாக்டர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ, காலேஜ்ல சிக்ஸ்டி சிக்ஸ்னுதாங்க சொல்லிக் குடுத்தாங்க. நம்மூரு ஆளுகளுக்குச் சுலுவா இருக்கட்டும்னு நாந்தான் தமிழ்ல கேட்டுப்போட்டேன்." சாக்குச் சொல்லாதது பிடித்தது.

முன்பல்லுக்குப் பின்னால் மெழுகை ஏற்றி, சுரண்டி, மறுபடி பட்டியல். நாலாவது தடவை ஸ்ரீநிதி ஸ்ரீநிதியாகவே வந்தாள்.

வெளியே காத்திருந்த ஒரு அம்மா: "ஏனுங்க, உள்ள பள்ளிக்கூடமா நடக்குது?"

ஜூன் 13, வெள்ளி

செட்டு வந்தது. வாய்க்குள் யாரோ விருந்தாளி. டாக்டர் சொன்னவை:
– படுக்கும்போது கழற்றித் தண்ணீரில். காய விடக்கூடாது
– மென்மையான பிரஷ். பேஸ்ட் வேண்டாம், கீறும்
– வெந்நீர் கூடவே கூடாது, வளைந்துவிடும்
– கழுவும்போது கீழே ஒரு பாத்திரத்தில் தண்ணீர். நழுவினாலும் உடையாது
– ஈறையும் துடைக்க வேண்டும் (இது எனக்குத் தானாகத் தோன்றியிருக்காது)

இட்லி, சரி. பப்பாளி, சரி. முறுக்கு யோசனையே இல்லை. ருசி பாதி.

ஜூன் 15

இடது பக்கம் ஈறில் புண். நேற்று டாக்டர் செட்டை லேசாகத் தேய்த்துக் கொடுத்தார். இன்று வலி குறைவு. பருப்பு சாதம், பீன்ஸ் பொரியல், இரண்டு பக்கமும் மென்று. இவர் என் தட்டையே பார்த்துவிட்டு, இன்னொரு கரண்டி பொரியல் வைத்தார். நல்லது.

ஜூன் 18, புதன்

வெயில். முகக்கவசம் கைப்பையிலேயே. முதல் மணி, இரண்டாம் ஆண்டு. அபர்ணாவில் தொடங்கி 'ஆர்' வரை சுலபம். சஞ்சய், வந்தது. சசிரேகா, வந்தது. ஸ்ரீநிதி, பரவாயில்லை.

சுஷ்மிதா என்றேன். ஒரு பெண் எழுந்து, "மேம், சுஸ்மிதா இல்லைங்க, சுஷ்மிதாங்க."

'ஷ'வை யார் சோதித்தது?

பக்கத்துப் பெண்: "மேம், அவளுக்கு அது பழக்கமுங்க. யாரு கூப்பிட்டாலும் திருத்துவா. அவங்கம்மாவே சுஸ்மிதான்னுதாங்க கூப்புடுது!"

வகுப்பே சிரித்தது. நானும், வாய் திறந்து. மேல் வரிசை அசையவில்லை.

வராதவர்கள் இரண்டு பேர்.